வீயும் டுவும் சேர்ந்தால் ஊடு

புத்தகத்தைப் பூட்டி வைத்துவிட்டு, குழந்தைகள் லீவில் படிப்பை மறந்துவிட்டார்கள் என்று குறை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். முப்பது வருஷம் வாத்தியாரம்மாவாக இருந்து ரிடயர் ஆனவள் நான். ஆரம்பப் பள்ளிக்குப் புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியுமா தெரியவில்லை.

1. பீரோ சாவி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் மல்லசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு ஜில்லா போர்டு ஸ்கூலில் என்னைப் போட்டார்கள். சேலம் டவுனில் நெசவுக்காரர் வீட்டுப் பெண் நான். டிரெயினிங் முடித்த கையோடு வந்தவள். மூன்றாம் வகுப்பு என் பொறுப்பு. இருபது குழந்தைகளுக்கு வாசகப் புத்தகம் பத்து. கோடை லீவு விட்ட அன்று ஹெட்மாஸ்டர் அந்தப் பத்தையும் எண்ணி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"சார், ரெண்டு மாசம் எழுத்தையே பார்க்கலைன்னா மறந்துடுவாங்க. வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாமே" என்றேன்.

"ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்கறதும்மா. ஒண்ணு கொறைஞ்சா என் தலைதான் உருளும்."

அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். மார்ச்சில் பரீட்சை வைக்க வேண்டிய டிப்டி இன்ஸ்பெக்டர் வரவில்லையாம். பள்ளி திறந்த மூன்றாம் நாள் வருவாராம். அவர் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் யார் நாலாம் வகுப்பு என்று தெரியுமாம். புத்தகம் கறையானுக்கு, பரீட்சை குழந்தைக்கு. இதில் யாருக்கும் வெட்கமில்லை.

2. சந்தைச் சீட்டு

நான் ஊருக்குப் போகவில்லை. மளிகைக் கடைக்காரரிடம் பழுப்புக் காகிதம் வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு வரி எழுதினேன். முதலில் புத்தகத்துப் பாடம். அது தீர்ந்ததும் நானே கட்டினேன்: ஆடு வேலியில் மாட்டிக்கொண்டது, கடலைக்காட்டில் பன்றி புகுந்தது என்று. வாரச் சந்தைக்கு எல்லாக் குடும்பமும் வரும். உப்பு விற்கிறவருக்குப் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு சீட்டுக் கொடுப்பேன். அடுத்த சந்தையில் பழையதைத் தந்தால்தான் புதியது.

ஒரு நிபந்தனை போட்டேன். சீட்டில் இருப்பதை வீட்டில் யாருக்காவது படித்துக் காட்ட வேண்டும், அவர்களுக்குப் புரியும்படி. புரிந்ததா என்று மறுவாரம் பெற்றவர்களையே கேட்பேன். வெறுமனே எழுத்துக் கூட்டிவிட்டு ஓடிவிடக் கூடாதே என்றுதான் இப்படிச் செய்தேன்.

அந்தக் கூட்டத்தில் கெட்டிக்காரி பாவாயி. பகலெல்லாம் ஆடு மேய்த்தாள். இடுப்பில் சீட்டு. அவள் அப்பா நல்லப்பன் மானாவாரிக் காட்டில் பாடுபடுகிறவர், எழுத்து வாசனை கிடையாது.

"எப்படிங்க, புரியும்படி சொன்னாளா?" என்று அவரைக் கேட்டேன்.

"கடலைக்காட்டுல பன்னி பூந்த கதையுங்களா? நம்ம காட்டுல நடந்த மாதிரியே சொன்னாளுங்க" என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "வாத்தியாரம்மா, ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. நாலாவதுக்குப் போனாள்னா அனுப்பறன். பெயிலாச்சுன்னா ஆட்டோடயே இருக்கட்டும். எனக்கும் கை ஆளு வேணுமுங்க."

எனக்குப் பயமே இல்லை. பாவாயி பெயிலாவதாவது என்று இருந்தேன்.

3. டிப்டி

சொன்ன நாளில் டிப்டி வந்தார். கிழக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்த மனிதர். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வீட்டுப் பையன், வீட்டில் சொந்தப் புத்தகம் வைத்திருந்தவன். பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதினாலாம் பக்கப் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்தான். டிப்டி புத்தகத்தைப் பார்க்கவேயில்லை. "பேஷ்" என்றார்.

அடுத்து பாவாயி. "வீட்டின் முன் வேப்பமரம் நிற்கிறது" என்பது வரி. அவள் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, தலை நிமிர்ந்து சொன்னாள்: "ஊட்டு முன்னால வேப்பமரம் நிக்குது."

"புத்தகத்தில் உள்ளதைப் படி!"

"அதைத்தானுங்க படிச்சேன்."

அவர் 'வீடு' என்ற வார்த்தையைத் தேடி அதன்மேல் பென்சிலை வைத்தார். "இது என்ன எழுத்து?"

"வீ-ங்க."

"இது?"

"டு-ங்க."

"சேர்த்துச் சொல்."

"ஊடுங்க."

டிப்டி விழுந்து விழுந்து சிரித்தார். இருபது குழந்தைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் எழுந்தேன். "சார், எழுத்து ரெண்டையும் சரியாச் சொன்னா. அர்த்தமும் தெரிஞ்சிருக்கு. வீட்டுக்கு இங்கே பேச்சு அதுதான். அப்பாவுக்குப் புரியும்படி சொல்லணும்னு நான்தான் பழக்கினேன்."

"ஓ, நீங்க பழக்கின லட்சணமா? ஊடாம் ஊடு! ரெண்டு மாசத்தில் எழுத்தெல்லாம் மறந்துபோச்சு. ஏதோ ஊகத்தில் உளறுகிறது."

"மறக்கலை சார். புத்தகமே இல்லாம இவ்வளவு..."

"உட்காருங்க."

ஹெட்மாஸ்டர் சாவிக் கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிப்டி பாவாயி பெயருக்கு நேரே 'வாசிக்கத் தெரியாது' என்று ரிமார்க் எழுதி, வகுப்பாசிரியை என்ற முறையில் என்னிடம் ரிஜிஸ்டரைத் தள்ளினார். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். கையெழுத்துப் போட்டேன்.

4. நல்லப்பன் கேட்டது

மறுநாள் காலை நல்லப்பன் வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். 'வீடு' என்பதை 'ஊடு' என்று சொன்னாள், அதற்குத்தான் பெயில் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஊட்டை ஊடுன்னு சொல்லாம வேற எப்படீங்க சொல்லறது? நானும் அப்படித்தான் சொல்லறன், எங்கப்பனும் அப்படித்தான் சொன்னாரு. அப்ப இது எங்களுக்குன்னு கட்டுன பள்ளிக்கோடம் இல்லீங்க, வாத்தியாரம்மா."

இன்னொரு வருஷம் மூன்றாம் வகுப்பில் இருக்கட்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். மகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வருஷமும் டிப்டி பள்ளி திறந்த பிறகுதான் வருவதாக இருந்தது; அந்தக் கோடையிலும் சீட்டுக் கொடுத்தேன். கடைசிச் சந்தையன்று மட்டும் ஒரு பயிற்சி சேர்த்தேன்: ஆபீசர் முன்னால் மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து 'வீடு' என்று சொல்ல வேண்டும், வெளியே போய் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள் என்றேன். குழந்தைகளுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. அத்தனை பேரும் பாஸ். அதைச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் எனக்குப் பாவாயி ஞாபகம்தான் வரும்.

லீவில் குழந்தை கையில் படிக்க ஏதாவது கொடுங்கள். பொட்டலக் காகிதமானாலும் போதும். ஆனால் வேலை அதோடு முடிந்துவிடாது. பள்ளி திறந்ததும் அது படிப்பதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டும். கேட்கத் தெரியாதவர் வந்து, தெரிந்த குழந்தையைத் தெரியாது என்று எழுதி, உங்கள் கையெழுத்தைக் கேட்டால் போடாதீர்கள். வேலை போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேலை போகவில்லை, பாவாயிதான் போனாள்.