வேறொருவர் ஓட்டிய படகில்

என் கணவர் முப்பத்தொரு வருடம் பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ் ஓட்டியவர். நெய்யாற்றின்கரை ஸ்டாண்டுக்குள் வண்டி ஐந்து நிமிடம் பிந்தி நுழைந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற மறுவருடம், பிரேசிலில் வேலை பார்க்கும் மகள் எங்கள் இருவரையும் அங்கே அழைத்துக்கொண்டாள். ஒரு வாரம் எங்களோடு சுற்றினாள். லீவு தீர்ந்ததும், ரயிலிலும் படகிலுமாக அமேசான் ஆற்றோரத்து ஊரொன்றுக்கு எங்களை மட்டும் அனுப்பத் திட்டம் போட்டாள்.

“பிளேன்ல ரெண்டு மணிக்கூர்ல எத்துற இடத்துக்கு எதுக்கு மக்கா இத்தன நாளு?” என்றார் இவர்.

“நீங்க இதுவர ஒரு வண்டியிலயும் சும்மா இருந்து போனதில்லல்லா அப்பா. அதுக்காக்கும்.”

ரயிலில் ஒரு பகல் முழுதும் போனோம். எங்கள் ஊரை அடுத்த வெள்ளறடைப் பக்கத்து மண்போலவே சிவந்த மண். அதில் பெயர் தெரியாத பனைகள். சன்னலோர இருக்கையை அவருக்குக் கொடுத்தேன். வேகம் குறையும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. நான் சிரித்தால், “சிரிக்காத, தன்னால போவுது” என்பார்.

பிறகு பெலேம் துறைமுகத்தில் படகு ஏறினோம். மூன்று நாள் பயணம். தளம் முழுக்கத் துணித் தூளிகள் கட்டி எல்லோரும் அதில்தான் படுத்திருந்தார்கள். பக்கத்துத் தூளியில் ஒரு தையல்காரப் பெண், மடியில் மெஷினை வைத்துக்கொண்டு வந்தாள். மதியம் பொரித்த மீனோடு மஞ்சளான ஒரு பொடியை எங்கள் தட்டிலும் தூவினாள். இவர் ஒரு வாய் மென்றுவிட்டு நிமிர்ந்தார்.

“எடி, இது நம்ம மரச்சீனியாக்கும்!”

மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்குவதுபோல் கையால் நடித்துக் காட்டினார். அவளும் தலையாட்டிச் சிரித்து, இன்னும் இரண்டு கரண்டி போட்டாள்.

இரண்டாம் நாள் காலை படகு மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. இழுக்க வேறு படகு வரவேண்டும் என்று சைகையில் புரிந்தது. அங்கே யாரும் முணுமுணுக்கவில்லை; இவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நேரே மேலே போய்ப் படகோட்டியின் அறைக்குள் நுழைந்தார். பயந்துபோய் நானும் பின்னால் ஓடினேன். அந்த மனிதர் ரப்பர் செருப்போடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். இவர் பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்புவதுபோல் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டார். படகோட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாதி ஆரஞ்சை நீட்டினார்.

“இவனுக்கு ஒரு வெப்ராளமும் அவசரமும் இல்ல பாத்தியா?” என்றார் என்னிடம், ஆச்சரியத்தோடு.

மதியத்துக்கு மேல் இன்னொரு படகு வந்து எங்களை இழுத்துவிட்டது. ஆழமான நீருக்கு வந்ததும் படகோட்டி எழுந்து, சுக்கானைப் பிடிக்கும்படி இவரை அழைத்தார். ஆசையாகப் பாய்ந்து பிடிப்பார் என்று நினைத்தேன். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அடியில எங்க மணலு கிடக்குன்னு எனக்குத் தெரியாது. கீழ இத்தன ஆளு உண்டு. நான் பிடிக்க மாட்டேன்” என்று நம் பேச்சிலேயே சொன்னார். என்ன புரிந்ததோ, படகோட்டி அவர் தோளில் தட்டிப் பக்கத்து ஸ்டூலைக் காட்டினார். பொழுது சாயும்வரை இருவரும் ஆற்றைப் பார்த்தபடி இருந்தார்கள்.

மறுநாள் முன்தளத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய பஸ்ஸில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குத் தெரிவது அவருடைய பிடரி மட்டும்தான். இப்படிப் பக்கத்தில் இருந்து அவர் முகம் பார்த்துப் போவது இந்தப் பயணத்தில்தான். தூரத்தில் ரோஸ் நிறத்தில் டால்பின்கள் இரண்டு எழும்பி அமிழ்ந்தன. அதைப் பார்த்துக்கொண்டே திடீரென்று சொன்னார்:

“காலையில வண்டி எடுக்கும்பம் தினமும் எனக்குப் பேடி உண்டு, கேட்டியா. கடைசி நாளுவரைக்கும்.”

“பயந்தத எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே?”

“சொன்னா நீயும் பேடிப்ப. பின்ன எனக்கு யாரு சோறு கட்டித் தருவா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. சுற்றிலும் அத்தனை பேர் இருக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் என்றால் உதறியிருப்பார். உதறவில்லை. துறைமுகம் தெரிந்து எல்லோரும் தூளிகளை அவிழ்க்கத் தொடங்கிய பிறகும் நாங்கள் அந்தப் பெஞ்சிலேயே இருந்தோம்.