நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்

அன்று மதுரையில் சாப்பிட வந்தவர்களில் என்னைவிடப் பெரிய முட்டாள் இருந்திருக்க முடியாது. ஒரே நாளில் நான்கு கடைகளில் ருசி பார்ப்பதென்று வாடிப்பட்டியிலிருந்து பஸ் ஏறியிருந்தேன். மூன்றாவது கடை, கூட்டம் நெரியும் ஒரு மெஸ். அங்கே இடம் பிடிக்க, சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். மூலையில் ஒருவருக்குப் பின்னால் நின்றேன்.

“அண்ணே, அந்த எலும்பை இன்னும் எம்புட்டு நேரம் கடிப்பீங்க?” என்றேன்.

பாதிச் சோற்றோடு அவர் எழுந்து போனார். நான் வெற்றிவீரனாக உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் கறிச் சட்டியோடு அவரே வந்தார். கடையின் சமையல்காரர் என்றார் பக்கத்து இலைக்காரர். விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றவர், அப்போதுதான் வாயில் சோறு வைத்திருக்கிறார். எழுந்தேன்.

“நீங்க உக்காந்து சாப்பிடுங்கண்ணே. நான் காத்திருக்கேன்.”

அவர் என் இலையில் கூடுதலாக ஒரு கரண்டி கறி வைத்தார். அன்று தின்றதில் அதுதான் ருசி.

“ஆறிரும், சாப்பிடு” என்றார்.