பாய் கடையில் அளந்த தூரம்

காலையில் மும்பையிலிருக்கும் மகளைப் பார்க்கப் போகலாமென்று கைபேசியைத் திறந்தால், அது காருக்கு ஒரு தூரமும் விமானத்துக்கு ஒரு தூரமும் காட்டியது. எங்கிருந்தோ காதர் பாய் கடையின் சாம்பிராணி வாசனை வந்துவிட்டது. மூக்குக்கு என்ன கணக்கோ, போங்கள்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாய் இன்டர்நெட் சென்டர் வைத்திருந்தார். டைப் அடிக்கத் தெரியும் என்று சொல்லி அங்கே வேலைக்குச் சேர்ந்த நான், இரண்டு விரலால் கொத்திக்கொண்டிருப்பேன். இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் வானில் இவ்வளவு, ரோட்டில் இவ்வளவு என்று காட்டும் ஒரு தளத்தைப் பாய் கண்டுபிடித்து வைத்திருந்தார். பிள்ளைகளை வெளியூர் அனுப்பியவர்கள் அதைப் பார்க்கவே வருவார்கள். "அவ்ளோ கம்மியா பாய்?" என்று வான்தூரத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போவார்கள்.

பௌர்ணமிக்கு முதல் நாள் கிரிவல நேரத்தை அச்செடுத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டுவதும் பாய்தான். இல்லாவிட்டால் வெளியூர்க்காரர்கள் கேட்டுக் கேட்டே உயிரை எடுத்துவிடுவார்கள்.

அப்படி ஒட்டிய மறுநாள் விடியலில் பாயின் அத்தா இறந்துபோனார். தம்பி சலீம் மும்பையில் வேலையில் இருந்தான். அத்தா முகத்தைப் பார்க்காமல் அடக்கம் பண்ணிவிடாதீர்கள் என்று போனில் அழுதான். எங்கள் வீடுகளைப் போல மறுநாள்வரை வைத்திருப்பது அவர்களிடம் வழக்கமில்லை. எதுவரை காத்திருக்கலாம் என்று ஜமாத்துப் பெரியவர்கள் கேட்டார்கள். பாய் கடையைத் திறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அளந்தார். விமானத்தில் மதியம் சென்னையில் இறங்கிவிடுவான், மிச்சம் டாக்ஸிதான்.

"சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள வந்துடுவான். அப்புறம் எடுத்துடலாங்க" என்றார்.

அவர் கையால் ஒட்டிய காகிதம் கதவிலேயே இருந்தது. அந்தப் பௌர்ணமி காலையிலேயே தொடங்கிவிட்டது. கூட்டம் சேர்ந்தால் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிற மனிதருக்கு, துக்கத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் டாக்ஸி நின்றுவிட்டது. சலீம் போன் செய்தான்.

"அண்ணே, மலை தெரியுதுண்ணே. வந்துட்டேன். எடுத்துடாதீங்க."

அவனைக் கூட்டிவர நாங்கள் பைக்கில் அனுப்பிய ஆளும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். சலீம் பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓடினான். அஸர் முடிந்தும் ஜமாத்து காத்திருந்தது. பொழுது இறங்க இறங்கப் பெரியவர் ஒருவர் பாயின் தோளைத் தொட்டார். எடுத்துவிடலாம் என்று பாய் தலையாட்டினார்.

சலீம் வந்து சேர்ந்தபோது மண்மேட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கையால் மண்ணைப் பறிக்கப் போனவனை நாங்கள் நாலைந்து பேர் பிடித்துக்கொண்டோம்.

அதன்பின் பாய் யாருக்கும் தூரம் பார்த்துச் சொல்லவில்லை. "பஸ் ஸ்டாண்டுல போய்க் கேளுங்க" என்பார். பிறகு கடையும் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜின் கார்கள் நிற்கின்றன. சலீம் குவைத்துக்குப் போனான்.

போன வருடம் பாயும் மௌத்தானார். படுக்கையில் இருந்தபோதே எங்களிடம் சொல்லிவைத்திருந்தார்: "எனக்குன்னா அவனுக்காகக் காத்திருக்காதீங்க. கெளம்பவே வேணாம்னு சொல்லிடுங்க. பாவம், ஓடி வருவான்."

சொன்னபடியே செய்தோம். சலீம் வீடியோவில் வந்தான். கைபேசியை நான்தான் பிடித்திருந்தேன். பாயின் முகத்துக்கு ஒரு சாண் தூரம்வரை கொண்டுபோய்விட்டேன். அவன், "இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுடா, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.