பூட்டுப் படம் போட்ட பலகை

அந்தத் தெருவில் முப்பத்தோரு வருஷமாகப் பால் போடுகிறவருக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். அவருடைய சைக்கிள் மணி கேட்டால் ஆறு பத்து. வீட்டுச் சுவரில் ஆறு ஐந்து என்று காட்டினால் சுவர்க் கடிகாரத்தைத்தான் திருப்பி வைப்பார்கள். அவரைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எழுத்து அவருக்குச் சரியாக வராது. ஆனால் எந்த வீட்டுக்கு எத்தனை பாக்கெட், யார் வீட்டுக் கேட்டில் பை தொங்கும், யாருக்கு ஜன்னல் திட்டில் வைக்க வேண்டும், எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்று எண்பத்தாறு வீடும் அவர் மண்டைக்குள் இருந்தது. தெருமுனையில் அவருக்கு ஒரு சின்னப் பால்கடை. ஒரு குளிர்ப்பெட்டி, கவிழ்த்து அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகள், ஒரு முக்காலி. அவ்வளவுதான்.

போன வருஷம் அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று திருட்டு நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் தெருக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்து, ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் அம்மா வந்து பேசினார்.

"கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் பத்தாது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு போடுங்க. ஊருக்குப் போனா ஒரு லைட்டு எரியட்டும். மிதியடிக்கு அடியில சாவி வைக்காதீங்க, திருடன் முதல்ல அங்கதான் பாப்பான்."

"அப்ப பூந்தொட்டிக்கு அடியில வைக்கலாமாம்மா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்க, ஹாலே சிரித்தது.

"வைங்க ஐயா. அப்படியே நகை எங்க இருக்குன்னு ஒரு சீட்டும் எழுதி வச்சிடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. சிரிப்பு அடங்கியதும் முக்கியமான விஷயத்துக்கு வந்தார். "ரெண்டு நாள் பால் பாக்கெட் வாசல்ல கிடந்தா, வீட்டுல ஆள் இல்ல, வாங்கன்னு திருடனை நாமளே கூப்பிடற மாதிரி. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி பால்காரர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. இதோ உக்காந்திருக்காரே, உங்க தெருவுக்கு முதல் காவல் இவர்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள். பால்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை மூன்று தரம் சொன்னார்.

"முதல் காவல்னு சொன்னாங்க."

"சரி, கேட்டாச்சு. காவலுக்குச் சோறு வேணுமா வேணாமா?" என்றாள் அவள்.

அன்றிலிருந்து யார் வெளியூர் கிளம்பினாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எத்தனை பேர் சொன்னாலும் அவருக்கு மறக்காது. பேத்தி பிறக்கிறவரைக்கும் மறக்கவில்லை.

பிரசவத்துக்கு வந்த மகளுக்குப் பெண் குழந்தை. உள்ளங்கைக்குள் அடங்குகிற முகம். கொட்டாவி விட்டால் அந்த முகம் முழுக்க வாயாகிவிடும். எட்டு மணிக்குக் குழந்தையைக் குளிப்பாட்டுவார்கள். குளித்து முடித்ததும் அது தூங்குவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்க்கும். அந்தப் பார்வைக்காகக் கிழவர் தெருவெல்லாம் சைக்கிளைப் பறக்கவிட்டார். பாதித் தெருவை மச்சானிடம், அதாவது மனைவியின் தம்பியிடம், ஒப்படைத்தார். அப்படியும் ஒரு தடவை, பூட்டிக் கிடந்த நாற்பதாம் நம்பர் வீட்டில் இரண்டு நாள் பால் தொங்கிவிட்டது.

ஊரிலிருந்து திரும்பிய நாற்பதாம் நம்பர்க்காரர் வேடிக்கையாகத்தான் கேட்டார். "என்ன கடிகாரம், முதல் காவலே தூங்கிட்டா எப்படி?"

வேடிக்கையாகக் கேட்டாலும் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே ஒரு கரும்பலகை வாங்கிக் கடைக் கதவில் மாட்டினார். யார் வீடு பூட்டியிருக்கிறதோ அந்த நம்பரைச் சாக்பீஸால் எழுதுவார். 'ஊரில் இல்லை' என்று எழுத அவருக்கு அரை நாள் வேண்டும். அதனால் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுப் படம் போட்டார். மச்சான் அதைப் பார்த்துவிட்டுப் பால் எடுத்துக்கொண்டு போவான்.

"மாமா, நம்பர்தான் நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கு. பூட்டு அச்சு அசலா இருக்கு. இழுத்துப் பாக்கலாம் போல" என்றான் மச்சான்.

"வாயை மூடிட்டுப் பெட்டியைத் தூக்குடா."

விடுமுறைக் காலத்தில் பலகையில் ஏழெட்டுப் பூட்டு தொங்கும். ஆட்கள் திரும்பி வந்ததும் அழிப்பார். பால் வாங்க வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். "அடடா, என்ன ஒழுங்கு!" என்று மெச்சினார்கள். எண்பத்தாறு வீட்டில் ஒருவர்கூட வேறு ஒன்றும் நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை. நடுவில் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டு நடந்தபோதும் நினைக்கவில்லை.

பதினேழாம் நம்பரில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா தனியாக இருந்தார். தங்கையைப் பார்க்க ஒன்பது நாள் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினேழு, பக்கத்தில் பூட்டு. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியை வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடம் கொடுத்திருந்தார். நாலு வீட்டில் வேலை செய்கிறவள். தெருவே அவளைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடும்.

ஐந்தாம் நாள் காலையில் அந்தத் தங்கச்சி கடைக்கு ஓடி வந்தாள். வாளியைக் கீழே வைக்கக்கூட மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

"அண்ணே, டீச்சரம்மா வீட்டுப் பின்கதவை உடைச்சிருக்காங்க அண்ணே. பீரோ திறந்து கிடக்கு. எனக்கு உள்ள போகவே பயமா இருக்கு."

அவர்தான் அவளை முக்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவர்தான் போலீசுக்குப் போன் போட்டார். நாலு வளையலும், டீச்சரம்மாவின் இறந்துபோன வீட்டுக்காரருடைய கைக்கடிகாரமும் போயிருந்தன. அன்று சாயங்காலமே டீச்சரம்மா வந்துவிட்டார். "வளையல் போகட்டும். அந்த வாட்ச் ஓடக்கூட ஓடாதே. அதை எதுக்கு எடுத்தான்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். 

மறுநாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் அம்மா கடைக்கு வந்தார். பக்கத்துக் கடையிலிருந்து வரவழைத்த டீயோடு முக்காலியில் உட்கார்ந்தார். பலகை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வரும்போது கண்ணில் பட்டிருக்கும். பட்டாலும் பதியவில்லை, தெருக்காரர்களுக்குப் பதியாத மாதிரியேதான்.

"அந்த டீச்சர் நான் சொன்ன எல்லாத்தையும் செஞ்சிருக்காங்க. பால் கிடக்கல, பேப்பர் கிடக்கல, ஹால்ல லைட்டு எரிஞ்சிருக்கு. வெளியிலேர்ந்து பாத்தா ஆள் இருக்கற வீடுதான். அப்ப இல்லைன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? தெரிஞ்சவங்க யாரோ சொல்லியிருக்கணும்."

பால்காரர் தலையை நிமிர்த்தினார். இன்ஸ்பெக்டர் அம்மாவின் தோளுக்கு மேலே பதினேழு என்ற நம்பர் தெரிந்தது. அதன் பக்கத்தில் பூட்டு. அச்சு அசலான பூட்டு.

 எறும்புக்குச் சர்க்கரை டப்பாவைக் காட்டிக் கொடுத்தது யார் என்று அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும், அந்த வேலைக்கார அம்மாவுக்குத் தெரியும். உங்களை நான் சந்தேகப்படல" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"தங்கச்சி அப்படிப்பட்டவ இல்லம்மா."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

டீயைக் குடித்துவிட்டு அவர் போனார். ஜீப் தெரு திரும்புகிற வரைக்கும் பால்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஈரத்துணியை எடுத்து எல்லா நம்பரையும், எல்லாப் பூட்டையும் துடைத்தார். பலகையைக் கழற்றிப் பெட்டிகளுக்கு அடியில் செருகினார். 

தங்கச்சியை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். காலையில் போனால் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். சாயங்காலம் அனுப்புவார்கள். மறுநாளும் வா என்பார்கள். இரண்டாம் நாளே ஒரு வீட்டில் "கொஞ்ச நாளைக்கு வேணாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் இன்னும் இரண்டு வீடு. பால் வாங்க வந்தவர்கள் கடை வாசலிலேயே பேசினார்கள். "சாவியைக் கொடுத்தா சாமானையும் கொடுத்த மாதிரிதான்" என்றார் ஒருவர். பால்காரர் பாக்கெட்டை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கேட்டிலும் நினைத்தார். சொன்னால், விடிந்ததும் விடியாததுமாக இந்தக் கேட்டைத் தொட யார் விடுவார்கள்? கை சுத்தம் என்று வாங்கிய பெயர் ஒன்றுதான் முப்பத்தோரு வருஷச் சம்பாத்தியம். அதுவும் போனால், நாளைக்குப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும்போது, திருடனுக்கு வீடு காட்டினவன் பேத்தி என்பார்கள்.

மூன்றாம் நாள் குளித்த குழந்தையை அவர் மடியில் போட்டாள் மனைவி. குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது. அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"தங்கச்சியை இன்னிக்கும் கூப்பிட்டிருக்காங்களாம். பாவம், குட்டி பொறந்தப்ப முதல் ஆளா பாக்க வந்தவ. இதோ, குட்டி போட்டிருக்கிற சட்டை அவ கையால தைச்சதுதான்" என்றாள் மனைவி.

அவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பலகையைப் பற்றிச் சொன்னார். மனைவி துண்டை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திருட்டு தெரிஞ்ச மறுநாளே."

அவள் மடித்த துண்டைக் கீழே வைத்தாள். அப்புறம் குழந்தையை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "சட்டையை மாத்திட்டுப் போங்க" என்றாள்.

பலகையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். வெளிப் பெஞ்சில் தங்கச்சி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எனக்காகவா வந்தீங்க அண்ணே?" என்று எழுந்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் அம்மா பலகையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். துடைத்திருந்தும் பூட்டுகளின் தடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"தெருவுக்குத் தெரியற மாதிரியா மாட்டியிருந்தீங்க?"

"ஆமாம்மா."

"போன மாசம் ஒன்பதாம் நம்பர்ல திருட்டு. அதுக்கு முன்னாடி ஐம்பத்திரண்டு. அதுவும் இதுல இருந்துச்சா?"

அவருக்கு அது அதுவரைக்கும் தோன்றவே இல்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினார். 

"நான் உங்ககிட்ட சொல்லச் சொன்னேன். நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பலகையை மேஜையில் வைத்துவிட்டு, "நானும் இந்தப் பலகை பக்கத்துலதான் உக்காந்து டீ குடிச்சேன்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

தங்கச்சியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பால்காரர் வாசலில் அவளை மறித்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னார்.

"மன்னிச்சிடும்மா."

அவள் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. "வந்து சொன்னீங்களே, அது பெரிசு அண்ணே. ஆனா மூணு நாள் நான் இந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன். அந்த மூணு நாளும் உங்களுக்குத் தெரியும், இல்ல?"

அவர் பதில் சொல்வதற்குள் படி இறங்கிவிட்டாள். விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும், வேண்டாம் என்று சொன்ன வீடுகள் அவளைத் திரும்பக் கூப்பிட்டன. டீச்சரம்மா நேரில் போய் அழைத்தார். அவள் வரவில்லை. நாலு ஸ்டாப் தள்ளி வேறு தெருவில் வேலைக்குப் போகிறாள் என்று மச்சான் சொன்னான். வளையலும் கிடைக்கவில்லை, ஓடாத கைக்கடிகாரமும் கிடைக்கவில்லை.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கூட்டம். "ஊருக்குப் போறதை நம்பிக்கையானவங்க ஒருத்தர்கிட்ட வாயால சொல்லுங்க. எங்கயும் எழுதி மாட்டாதீங்க, போன்ல ஸ்டேட்டஸும் போடாதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாக் கழுத்தும் ஒரே பக்கம் திரும்பியது. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாலை யாரும் நிறுத்தவில்லை. சொல்வதைத்தான் நிறுத்தினார்கள். இப்போதெல்லாம் ஆறு பத்துக்கு ஒரு கேட்டுக்குப் போவார். நேற்றுப் போட்ட பாக்கெட் உப்பிப்போய்ப் பைக்குள்ளேயே இருக்கும். அப்போதுதான் தெரியும், அந்த வீடு பூட்டியிருக்கிறது என்று. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கெட்டதை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்வார். அவர்கள் வருகிற வரைக்கும் புதிதாக வைக்க மாட்டார். மச்சானிடம்கூடச் சொல்வதில்லை. பாதித் தெருவைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார். குழந்தை குளித்துத் தூங்கின பிறகுதான் இப்போது வீட்டுக்கு வருகிறார்.

போன வாரம் நாற்பதாம் நம்பர்க்காரர் ஆறு நாள் கழித்து வந்தார். மறுநாள் காலையில் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நாங்க ஊருக்குப் போறதைச் சொல்லலையே. பால் ஒண்ணும் கிடக்கல. பை காலியா தொங்குது."

"நான்தான் எடுத்துட்டேங்க. வாசல்ல கிடக்கக் கூடாதுல்ல."

"அது சரி. நாங்க இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

பால்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

"முதல் நாள் பாக்கெட் எடுக்காம இருந்துச்சுங்க."

நாற்பதாம் நம்பர்க்காரர் 'ம்' என்றார். இரண்டு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். மேல் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்துக் கீழ்த் தாழ்ப்பாளும் விழுந்தது.

பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாற்பத்தொன்றுக்குப் போனார்.