நாலாவது கலர்

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சுவரில் ஒட்டிய வரைபடத்தின் முன் முக்காலியில் ஏறி நிற்கிறார் கலர் மேடம். முன்னூற்றுப் பதினாறு புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு செல்போன் டவர். ஒன்றின் அலை இன்னொன்றை எட்டினால் நடுவே ஒரு கோடு. கோடு போட்ட இரண்டுக்கும் ஒரே அலைவரிசையைக் கொடுத்தால் போச்சு, பேசுகிறவர் காதில் கொரகொரவென்று சத்தம்தான் மிஞ்சும். இருப்பதோ ஏழே அலைவரிசை. அதனால் மேடத்தின் கையில் ஏழு ஸ்கெட்ச் பேனா.

இந்த வேலையைக் கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறது. மேடம் விடுவாரா? அச்சடித்து வாங்கி, மறுபடி கையால் வண்ணம் தீட்டிச் சரிபார்ப்பார். வருஷத்துக்கு ஒரு தப்பாவது அகப்படும். அன்று அலுவலகம் முழுக்க அவர் செலவில் பிஸ்கட்.

"நெறைய கோடு இருக்கிற சண்டைக்காரன முதல்ல உக்கார வைக்கணும். சாது எங்க வேணா உக்காந்துக்கும்" என்பது அவருடைய தொழில் ரகசியம். இன்னொன்றும் உண்டு: "கோட்ட மட்டும் பென்சில்லதான் போடணும். நடுவுல ஒரு கட்டடம் எழும்பி அலைய மறைச்சா போதும், சண்டையே இல்லாமப் போயிடும்."

வீட்டுக்குப் போனாலும் மேடத்துக்கு அடங்காது. அவர் குடியிருக்கும் கட்டடத்தில் எட்டு வீடு, ஒரு மொட்டை மாடி, ஒரு துணிக்கொடி. அந்தக் கொடிக்காக நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் வரும். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை விட்டுவிட்டு மேடம் ஒரு தாளில் ஏழு புள்ளி வைத்து, ஆகாதவர்களுக்கு நடுவே கோடு போட்டு, மூன்று நேரம் பிரித்தார். காலை பச்சை, மதியம் நீலம், மாலை சிவப்பு. கட்டடமே அமைதியாகிவிட்டது.

அந்தத் தாளில் ஒரே ஒரு கோடு மட்டும் பேனாவால் போட்டது. அது மேடத்துக்கும் மேல்மாடியில் இருக்கும் அவருடைய சொந்த அக்காவுக்கும் நடுவில் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு விருந்தில், "என் தங்கச்சியா? டவருக்குப் பெயிண்ட் அடிக்கிறா" என்று அக்கா பத்துப் பேர் முன்னால் சொல்லிச் சிரித்தார். அன்றோடு பேச்சு நின்றது. அக்காவுக்குப் பச்சை, மேடத்துக்குச் சிவப்பு. மாடிப்படியில்கூட மோதிக்கொள்ள வழியில்லை. அக்காவின் அந்த வெடிச் சிரிப்பு மட்டும் எப்போதாவது மேலிருந்து கேட்கும். மேடத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

போன மாதம், பூட்டிக் கிடந்த கீழ்வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்தது. வந்த வாரத்திலேயே காலைக்காரர் ஒருவரோடும் மதியக்காரர் ஒருவரோடும் வாய்த்தகராறு. வண்டி நிறுத்தும் இடத்துக்காக மேடத்தோடும் ஒரு பிடி. ஆக, மூன்று நேரமும் அடைத்துக்கொண்டது.

"ஏம்மா, நாலாவதா ஒரு நேரம் போட்டுட்டா தீந்துச்சு. ராத்திரி காயப்போடட்டுமே" என்றார் கணவர்.

"இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு கலர் கூடுதலாக் கேட்டதில்லைங்க. துணிக்கொடிக்குப் போய்க் கேக்கச் சொல்றீங்களா?"

ஒரு வாரம் முட்டி மோதினார். வழி ஒன்றுதான் இருந்தது. மேடம் இடத்தைக் காலி செய்தால் புதுக் குடித்தனம் சிவப்பில் உட்காரும். மதியம் மேடத்துக்கு ஆபீஸ். மிச்சம் பச்சைதான். பச்சையில் அவருக்கு ஆகாதவர் ஒரே ஆள்.

ரப்பரால் தேய்த்துப் பார்த்தார். பேனாக் கோடு அழியவில்லை, தாள்தான் கிழிந்தது. புதுத் தாள் எடுத்து எல்லாக் கோட்டையும் திரும்பப் போட்டார், அந்த ஒன்றைத் தவிர. அட்டவணையைக் கீழே ஒட்டிவிட்டு வந்தவருக்கு ஒரே பயம். அக்கா படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

திங்கட்கிழமை காலை வாளியோடு மாடி ஏறினார். கொடியருகே அக்கா, வாயில் மூன்று கிளிப்போடு. திரும்பிப் பார்த்தார். மேடம் போர்வையை உதறிக் கொடியில் போட்டார், காற்று தூக்கியது. வாளிக்குள் துழாவினார். வந்த பதற்றத்தில் கிளிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"என்னடி, டவருக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சு முடிச்சாச்சா?" கிளிப்புகளுக்கு நடுவே பாதிதான் வெளியே வந்தது.

போர்வையை இரண்டு கையாலும் பிடித்தபடியே மேடம் சொன்னார்: "ரெண்டாவது கோட் பாக்கி இருக்குக்கா."

அக்காவின் தோள் குலுங்கியது. வாயிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்தார். பறக்கும் போர்வையின் ஓரத்தை இழுத்துத் தன் விரிப்பின் ஓரத்தின் மேல் வைத்து, இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரே கிளிப்பை மாட்டினார்.