புரொப்பேனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

ஃபிஜியின் தலைநகர் சுவாவுக்கு வந்த புதிதில், சமபுலா கடைத்தெருவில் யாரிடம் அறிமுகமானாலும், "எப்போது போகிறீர்கள்?" என்று ஃபிஜி இந்தியில் கேட்பார்கள். வந்து பத்து நாள்கூட ஆகவில்லையே, நம்மைப் பிடிக்கவில்லையோ என்று வருந்தினேன். அவர்கள் கேட்டது ஆக்லாந்தையும் சிட்னியையும் மனத்தில் வைத்து. நான்காவது ஆட்சிக்கவிழ்ப்பு நடந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்திய வம்சத்தாரில் வீட்டுக்கு ஒருவராவது வெளியேற விசாவுக்குக் காத்திருந்தார். நம் ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்பதைப் போலத்தான் அங்கே இந்தக் கேள்வி.

நான் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்த ஏ.சி. பொறியாளர். சமபுலாவில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனைக்குப் புது ஏ.சி. போட வேண்டும், எந்த கேஸில் ஓடும் மெஷின் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. பழைய கேஸ் ஓசோனை அரிப்பது, அது போகவேண்டியதுதான். கடைகளில் சுலபமாகக் கிடைத்த புதிய கேஸ் ஓசோனை விட்டுவைத்தாலும், கசிந்தால் பூமியைக் கடுமையாகச் சூடாக்கும். மிச்சமிருந்தது சமையல் கேஸ் வகையான புரொப்பேன். வானத்துக்கு ஏறக்குறையக் கெடுதலே இல்லை, ஆனால் தீப்பற்றும். பழகிய கை வேண்டும். கோயம்புத்தூரில் என் முதல் வேலையில், சர்வீஸுக்கு முன் வால்வைத் திறந்து பழைய கேஸைக் காற்றில் விட்டுவிடச் சொல்வார்கள். அது சீறி அடங்கும்வரை நின்று டீ குடிப்போம். அதற்கெல்லாம் சேர்த்து ஒரு தடவையாவது சரியாகச் செய்வோம் என்று திட்ட அறிக்கையில் புரொப்பேனையே எழுதினேன்.

எழுதும் தைரியம் வந்தது மெக்கானிக் முனசாமி அண்ணனால். ஃபிஜியின் மேற்கே ட்ராசாவில் கரும்பு விவசாயிக்குப் பிறந்தவர். குத்தகை முடிந்து நிலம் கைவிட்டுப் போனபின் சுவாவுக்கு வந்தவர். எங்கள் கம்பெனியில் புரொப்பேனைக் கையாளப் பயின்றவர்கள் அவரும் நானும் மட்டும்தான். தமிழ் பேச அவருக்கும் என்னை விட்டால் ஆளில்லை. என் வாயில் கேஸ் என்ற சொல்லைக் கேட்டதும் தலைமை நர்ஸ் சிஸ்டர் மெரே, சமையல் சிலிண்டரைக் குழந்தைகள் பக்கத்திலா வைப்பீர்கள் என்று பதறினார். அண்ணன்தான் அவருடைய ஃபிஜி மொழியிலேயே, சிலிண்டர் கிடையாது, ஒரு சின்ன பாட்டில் அளவு, அதுவும் குழாய்க்குள்ளேயே சுற்றும் என்று விளக்கினார். மெரேயின் கிராமத்தில் கடல் வீட்டு வாசல்வரை வந்துவிட்டதாம். பூமியைச் சூடாக்காத கேஸ் என்றால் சரி என்றார்.

மெஷின்கள் ஓடத் தொடங்கிய வாரம், அண்ணன் என் மேசைக்கு வந்து நின்றார். ஆக்லாந்தில் இருக்கும் மகள் கூப்பிடுகிறாள், விசா வந்து ஒரு மாதமாகிறது, சொல்ல வாய் வரவில்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் ஒப்பந்தமும் முடியப்போகிறது. அப்புறம் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்லோருக்கும் தெரிந்த கேஸிலேயே மாற்றிவிடலாம் என்றுகூடச் சொன்னேன்.

"மாத்தாதே தங்கச்சி. நீ எழுதினதுதான் சரி. நான் போறதுதான் சரியான்னு தெரியல," என்றார்.

அதற்குமேல் என்னால் கோபமாக இருக்க முடியவில்லை. அன்று மாலை கோயம்புத்தூருக்குப் போன் செய்து, இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர், கஷாயப் பொடி தீர்ந்திருக்குமே, அனுப்பட்டுமா என்று கேட்டார். நவுசோரி விமான நிலையத்தில் அண்ணனை நான்தான் வழியனுப்பினேன். பிறந்தவர் போக, வந்தவள் இருந்துவிட்டேன்.

ஜூலையில் அவர் போன் செய்தபோது மருத்துவமனையின் பின்புறம் சர்வீஸில் இருந்தேன். ஆக்லாந்தில் குளிர் தாங்கவில்லை, ஹீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றார். மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்பார் என நினைத்து, வெளி யூனிட் அருகில் போனைப் பிடித்தேன்.

"மெஷின் சத்தம் போதும் தங்கச்சி. கொஞ்சம் தள்ளிப் பிடி. மழையக் கேக்கணும்."

தகரக் கூரைக்கு வெளியே கையை நீட்டினேன். சட்டைக்கை முழுதும் நனைந்தது. கோயம்புத்தூரில் மழை உண்டா என்று கணவரிடம் நான் கேட்டு எத்தனை மாதமாகிறது என்று யோசித்துக்கொண்டே, கையை எடுக்காமல் நின்றிருந்தேன்.