இணைச்சீருக்குப் போனவள்

எங்கள் பனியன் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கும் சாமியப்பனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்த மனுஷன், ஷிப்மெண்ட் என்றால் நடுங்கினால் கோபம் வராதா?

பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது, ஊத்துக்குளிப் பக்கம் கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்கத் தானே கயிறு கட்டி இறங்கியிருக்கிறார். முங்கி எழுந்தது எண்ணூறு வருடத்துக்கு முந்தைய காலத்தில். அங்கே கஞ்சி ஊற்றிக் காப்பாற்றியவள் நங்கை. ஓர் அறுவடை வரைக்கும் இருந்து, அவளையும் கூட்டிக்கொண்டு வந்தால், இங்கே பொழுதுகூடச் சாயவில்லை. நம்பினால் நம்புங்கள்.

பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தார்கள். நங்கை என்னோடு செக்கிங்கில் நூல் பிசிறு வெட்டினாள். சிரிப்பாள், பேசுவாள், ஆனால் யார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் முகம் செத்துவிடும். தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள் இவரோடு வந்துவிட்டவள் அவள்.

"நானில்லாம அவனுக்கு இணைச்சீர் ஆருங்க செய்வாங்க? அக்கா பக்கத்துல நிக்காம தாலி ஏறாதுங்களே" என்று அழுவாள்.

அந்தக் கிணறு, விட்டு வந்த நாளிலேயே கொண்டுபோய் விடுமாம். அதற்குப் பிறகு இங்கே ஒரு நாள் கழிந்தால் அங்கே ஒரு வருடம். இறக்கிய கைதான் கயிறு விட்டு ஏற்றவும் வேண்டும். தம்பி கல்யாணத்தைப் பார்த்து வரட்டும் என்று சாமியப்பன் ஒரு நாள் காலையில் அவளை இறக்கினார். சாயங்காலம் ஏற்றுவதாகப் பேச்சு.

அன்றைக்குப் பார்த்து சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அதைத் திருப்பிவிட்டான். மறுபடி செக்கிங், மறுபடி பேக்கிங். "கன்டெய்னர் போற வரைக்கும் கேட்டை உட்டு நகரக் கூடாதுங்க" என்றார் மேனேஜர். இவரும் விறைப்பாக நின்று "சரிங்க சார்" என்றார்.

"ஏனுங்கண்ணா, மூளை கீளை இருக்குதுங்களா? ஓடுங்க!" என்று கத்தினேன்.

"ஆர்டர்னா ஆர்டர்ங்கம்மா. பொறந்த ஊட்டுல ஒரு வருசம் சந்தோசமா இருந்துட்டு வரட்டுமே" என்றார்.

ஒரு வருடமா? நாளைக்கு, நாளைக்கு என்றே ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. கன்டெய்னர் கிளம்பிய அன்றுதான் ஓடினார். நானும் கூடப் போனேன்.

கயிறு விட்டதும் கனம் விழுந்தது. ஏறி வந்தவளுக்குத் தலை பஞ்சாக நரைத்திருந்தது, முதுகு கூனியிருந்தது. தம்பி பேரன் எடுத்துவிட்டானாம். அத்தனை வருடமும் சாயங்காலமானால் கிணற்றடியில்தான் நின்றாளாம். இந்த ஆளை நாலு அறை அறைவாள் என்று பார்த்தேன். அவர் சட்டைக் காலரைத் தடவிச் சரிசெய்தாள்.

"வேல முடிஞ்சுதுங்களா?" என்றாள்.

அடப்பாவி, எனக்குத்தான் அழுகை வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "உங்கம்மாங்களாண்ணா?"

"இல்லீங்க கண்ணு" என்றார் சாமியப்பன். "எம்பட ஊட்டுக்காரிங்க."